கோடவுன் தேவசகாயம்

ஆம்பூரில் தேவசகாயம் என்று கேட்டால் எந்தத் தேவசகாயம் என்பார்கள். கோடவுன் தேவசகாயம் என்றால் ஜட்கா வண்டிக்காரன்கூட யோசிக்காமல் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிடுவான். அந்த அடைமொழியை ஊர் அவருக்கு மரியாதையாகக் கொடுக்கவில்லை, கேலியாகக் கொடுத்தது. கேலிக்குக் காரணம் ஒரு வெள்ளிக்கிழமை. அந்த வெள்ளிக்கிழமைக்குக் காரணம் ஒரு வார்த்தை. நான் தமிழ் வாத்தியார். வார்த்தைகளின் பூர்வோத்திரத்தை விசாரிப்பது எனக்குச் சம்பளமில்லாத இன்னொரு உத்தியோகம். ஆகையால் மனிதரையும் வார்த்தையையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

துரைமார் வாயில் அது கோடவுன். நம் ஜனங்கள் வாயில் குடோன். தோலோ நெல்லோ மண்ணெண்ணெயோ அடுக்கிவைக்கிற இடம். எங்கள் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் வேதாசலம் பி.ஏ. இதற்குப் பிள்ளைகளிடம் ஒரு விளக்கம் சொல்லுவார். "கோ என்றால் போ, டவுன் என்றால் கீழே. சரக்கறை நிலவறையாக இருக்கும், படியிறங்கிக் கீழே போகவேண்டும், ஆகவே கோடவுன்." இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆம்பூரில் எந்தக் குடோனுக்கு ஐயா படியிறங்குகிறோம்? பாலாறு பெருகி வந்தால் சரக்கு நனையக்கூடாது என்று இடுப்புயரம் மேடை போட்டல்லவா கட்டிவைத்திருக்கிறார்கள்? ஏறித்தானே போகவேண்டும்? "அப்படியானால் கோ அப் என்று பேர் வைத்திருக்கலாமே சார்" என்று ஒருநாள் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் எனக்கு மூன்றாம் வகுப்பைக் கொடுத்துவிட்டார்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஹெட்மாஸ்டரின் அந்தப் பொய்யான விளக்கம் ஒரே ஒரு மனிதர் விஷயத்தில் மெய்யாகிப்போனது.

தேவசகாயம் பிறந்தது பள்ளிகொண்டாவுக்குப் பக்கத்தில். அப்பன் கூலிக்கு ஏர் பிடித்தவர், சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். தாயும் பிள்ளையும் ஆம்பூருக்கு வந்தார்கள். முக்தார் அகமது சாயபுவின் தோல் மண்டியில், தோல் பதனிடுவதற்கு ஆவாரம்பட்டை இடிக்கிற வேலை தாய்க்குக் கிடைத்தது. பிள்ளை மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரைக்கும் படித்துவிட்டு அதே மண்டியில் தோல் ஊறுகிற சுண்ணாம்புக் குழியில் இறங்கினான். அங்கே கை வெந்தாலும் தலைக்குமேல் ஆகாயம் இருந்தது. இங்கிலீஷ் எழுத்து தெரியும் என்பதுதான் அவனுக்கு வினையாகப் போனது. சீமைக்குப் போகிற தோல் கட்டுகளின்மேல் மை தொட்டு அடையாளம் எழுத ஆள் வேண்டியிருந்தது. மீசை அரும்புகிற வயதில் குடோனுக்குள் போனான்.

அந்தக் குடோனை நான் பார்த்திருக்கிறேன். சுவர் இரண்டு முழ கனம். ஒரே கதவு. ஜன்னல் கிடையாது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலுக்கு வெளிச்சம் ஆகாது, பட்டால் சிவந்துவிடும், சீமையில் விலை கம்மியாகிவிடும். தோல் வெளுப்பாக இருப்பதற்காக மனிதன் இருட்டில் இருக்கவேண்டும். கூரைக்கு அடியில் கையகலத்துக்கு ஒரு காற்றுத் துளை மட்டும் உண்டு. அதன் வழியாக விழுகிற வெயில் சுவரில் எங்கே நிற்கிறதோ அதை வைத்துத்தான் சாப்பாட்டு வேளை தெரியும் என்று தேவசகாயம் சொல்லுவார்.

கொஞ்ச காலத்தில் சாவியும் அவர் இடுப்புக்கு வந்தது. அதோடு அவர் கதை முடிந்தது என்றே சொல்லலாம். சாவிக்காரன் ஊரைவிட்டுப் போகமுடியாது. மாதா கோயிலில் சவுரியம்மாளுக்குத் தாலி கட்டிவிட்டு, வண்டி வந்து நிற்கிறது என்று ஆள் வர, மாலையைக் கழற்றி மச்சினன் கையில் கொடுத்துவிட்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தவர் அவர். கட்டுகளை ஏற்றிவிட்டுத் திரும்பி வருவதற்குள் பந்தியில் பிரியாணி தீர்ந்துபோயிற்று. சவுரியம்மாள் இதை எத்தனையோ தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாள். ஒருதடவைகூடச் சிரித்துக்கொண்டு சொன்னதில்லை.

சாயபு கெட்டவராக இருந்திருந்தால் தேவசகாயம் என்றைக்கோ ஓடியிருப்பார். கெடுதலே அங்கேதான். சாயபு தங்கமானவர். சொந்தப் பிள்ளையிடம் கொடுக்காத சாவியை இவரிடம் கொடுத்தார். ரம்ஜானுக்கு வேட்டி, கிறிஸ்துமஸுக்கும் வேட்டி. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "தேவசகாயம் இல்லாங்காட்டி எனக்குக் குடோனே இல்ல" என்பார். அப்படிச் சொல்லுகிறவரிடம் போய், எனக்கு மூச்சு முட்டுகிறது, என்னை விட்டுவிடுங்கள் என்று எப்படிச் சொல்லுவது?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டில், ஜெர்மன் சண்டைக்கு இரண்டு வருஷம் முந்தி, சவுரியம்மாளின் தம்பி அருளப்பன் பினாங்கிலிருந்து லீவில் வந்தான். வெள்ளைச் சட்டை, தகரப் பெட்டி, வாயெல்லாம் கடல். துறைமுகத்தில் சரக்கு இறக்கி ஏற்றுகிற கம்பெனியில் அவனுக்கு மேஸ்திரி வேலை. மாமனுக்கு அங்கே ஓர் இடம் பேசிவைத்துவிட்டுத்தான் வந்திருந்தான்.

"இன்னா வேலடா?" என்று தேவசகாயம் கேட்டார்.

"சரக்கு பாத்துக்கிற வேல மாமா. உனக்குத் தெரிஞ்சதுதான். ஆனா இங்க மாதிரி இல்ல. ஜன்னலத் தொறந்தா எதிர்லயே கடலு. கப்பலுங்க வந்து நிக்கறது, போறது எல்லாம் தெரியும். காத்து சும்மா பிச்சிக்கினு போவும்."

தேவசகாயம் சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை. ஜன்னல் எத்தனை பெரிசு என்று கேட்டார். அருளப்பன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.

அப்புறம் வாரக்கணக்கில் அவர் சாயபு முன்னால் போய் நிற்பார், தலையைச் சொறிவார், வேறெதையாவது கேட்டுவிட்டுத் திரும்புவார். கடைசியில் சவுரியம்மாளே போய்ச் சொன்னாள். "போகட்டும்மா. நல்லா இருக்கட்டும்" என்றார் சாயபு. அவர் கண் கலங்கியது என்று சவுரியம்மாள் சொன்னாள். முதலில் இவர் போவது, வேலையில் உட்கார்ந்ததும் அவளை வரவழைத்துக்கொள்வது என்று ஏற்பாடு.

புறப்படுகிற நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தது. மத்தியானம் இரண்டு மணி வண்டியில் சென்னப்பட்டணம், அங்கிருந்து கப்பல். அன்றைக்கென்று பட்டணத்திலிருந்து தோல் வாங்குகிற துரை ஒருவரும் சரக்குப் பார்க்க வந்திருந்தார். காலையிலேயே தேவசகாயம் சாவியைக் காவல்காரர் சர்தார் பாஷாவிடம் கொடுத்துவிட்டார். இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக இடுப்பு லேசாக இருந்தது. நடக்கும்போது கை தானாக அந்த இடத்தைத் தடவிப் பார்த்ததாம்.

கடைசியாக ஒருதடவை என்று, துரை பார்க்கவேண்டிய தோல் மாதிரிகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறினார். மேலே தோல் காயப்போடுகிற கொட்டகையில் துரையும் சாயபுவும் நின்றிருந்தார்கள். சாயபு துரையிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். இந்த ஆள் இன்றைக்குக் கப்பலேறப் போகிறான், ரயிலுக்கு நேரமாகிறது என்பதைத்தான் சொல்லியிருக்கிறார். துரை நல்ல மனுஷர். முகமெல்லாம் சிரிப்பாகக் கையை வீசி, "கோ டவுன், மேன், கோ டவுன்!" என்றார். இறங்கிப் போப்பா, நேரமாகிறது, போ போ என்று அர்த்தம்.

மூன்றாவது வரைக்கும் படித்தவருக்கு 'கோ' தெரியாதா? தெரியும். 'டவுன்' தெரியாதா? அதுவும் தெரியும். ஆனால் பதினாலு வருஷமாகத் துரைமார் வாயிலிருந்து அந்த இரண்டு சத்தமும் சேர்ந்து வந்தால் அவருக்கு ஒரே ஓர் அர்த்தம்தான். காது அதற்குப் பழகிவிட்டது. துரை குடோனிலிருந்து எதையோ கேட்கிறார் என்று நினைத்தார். எதை என்று துரையைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் கிடையாது. நாமாக யோசித்துக் கொண்டுவந்துவிட வேண்டும். கீழே இறங்கினார். வாசல் கேட் வலப்பக்கம், குடோன் இடப்பக்கம். இடப்பக்கம் திரும்பினார்.

கதவு திறந்திருந்தது. உள்ளே போய், துரைக்கு ஆட்டுத்தோல் கட்டுதான் வேண்டியிருக்கும் என்று கடைசி வரிசைக்குப் பின்னால் நுழைந்தார். அந்த நேரம் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா. மண்டியில் ஒரு ஈ காக்கை இருக்காது. முஸ்லிம்கள் தொழுகைக்குப் போவார்கள், மற்றவர்கள் சாப்பிடப் போவார்கள். சர்தார் பாஷா வந்தார். தேவசகாயம்தான் சாவியைக் கொடுத்துவிட்டாரே, உள்ளே யார் இருக்கப்போகிறார்கள்? கதவைச் சாத்தினார், தாழ்ப்பாளைத் தள்ளினார், பூட்டினார், போய்விட்டார். சாயபு துரையைக் குதிரைவண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார்.

தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் தேவசகாயத்தின் கை முதலில் இடுப்புக்குப் போயிற்று. அங்கே சாவி இல்லை.

கத்தினார். அடுக்கடுக்காகத் தோல் இருக்கிற இடத்தில் கத்துவது பஞ்சு மூட்டைக்குள் கத்துவதுபோலத்தான், சத்தம் வெளியே போகாது. கட்டு நெம்புகிற கட்டையை எடுத்துக் கதவில் இடித்தார். கதவு சாயபுவின் பாட்டனார் காலத்துத் தேக்கு, அசையவில்லை. அடுக்கின்மேல் ஏறிக் காற்றுத் துளைக்குக் கையை நீட்டினார். விரல் நுனி மட்டும் வெளியே போயிற்று. அதை ஆட்டிக்கொண்டே நின்றார். கீழே முற்றத்தில் பார்ப்பதற்கு ஒருவரும் இல்லை. பங்குனி வெயில் ஓட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. தோல் நெடி தொண்டையை அடைத்தது. பதினாலு வருஷமாக மூக்குக்குத் தெரியாத நெடி அன்றைக்குப் புதிதாகத் தெரிந்ததாம், வாந்தி வந்ததாம். சுவரில் வெயில் நகர்ந்து, நகர்ந்து, சாப்பாட்டு வேளையைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாத்தியாரே, ரயில் வந்த சத்தம் எனக்குக் காதுல கேக்கல. கால்ல தெரிஞ்சுது. தரை அதிர்ந்துது பாருங்க, அதுல தெரிஞ்சுது. கொஞ்ச நேரம் நின்னுது. அப்பறம் போய்டுச்சு" என்று என்னிடம் சொன்னார். அப்புறம் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "இன்னா செய்றது? ஆட்டுத்தோல் மேல படுத்துக்கினு அழுதேன்" என்றார்.

தொழுகை முடிந்து, சாப்பாடும் முடிந்து, சர்தார் பாஷா சாவகாசமாக வந்து கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து ஆள் வருவதைப் பார்த்து மனுஷர் பயந்தே போய்விட்டார். "அரே! நீ போவலியா? சாவி குடுத்துட்டுப் போனியே!" தேவசகாயம் ஸ்டேஷனுக்கு ஓடினார். பிளாட்பாரத்தில் சவுரியம்மாள் மட்டும் அவருடைய பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள். அருளப்பன் கடைசி வரை வாசற்படியில் தொங்கிக்கொண்டு பார்த்துவிட்டுப் போய்விட்டான். கப்பல் அவனுக்காக நிற்காது.

அவள் புருஷனுடைய சட்டையைப் பார்த்தாள். அதில் தோல் தூசி படிந்திருந்தது.

"குடோன வுட்டு வர மனசு வரல இல்ல?" என்றாள்.

"உள்ள வச்சுப் பூட்டிட்டாங்க சவுரி."

"சாவி உங்கிட்ட தானே இருக்கும்."

அவர் சொன்னார், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். அவள் நம்பினாளோ இல்லையோ, ஊர் நம்பவில்லை. குடோன் சாவிக்காரனைக் குடோனில் வைத்துப் பூட்டினார்களாம் என்று டீக்கடையில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடல் என்றதும் ஆளுக்கு வயிறு கலங்கிவிட்டது, போய்த் தோலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான் என்று கதை கட்டினார்கள். அன்றைக்கு ஒட்டினதுதான் கோடவுன் என்கிற பேர். சவுரியம்மாளைப் பார்த்து, "இன்னாம்மா, வூட்டுக்காரரு தொறந்தாரா, பூட்டிக்கினாரா?" என்று கேட்காத பெண்பிள்ளை கிடையாது. எனக்கு அந்த ஊர்மேல் இன்றைக்கும் கோபம் உண்டு.

துரை சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று மறுநாள் சாயபுதான் அவருக்குச் சொன்னார். சொல்லிவிட்டு, மனசார, சந்தோஷமாக, "அல்லா உன்ன எனக்கே வுட்டுட்டான் பாரு" என்று சாவியை எடுத்து அவர் கையில் வைத்து மூடினார். பினாங்கில் பேசிவைத்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான். அடுத்த வருஷம் போகலாம் என்றார்கள். அடுத்த வருஷம் சவுரியம்மாளுக்குப் பிரசவம், குறைப்பிரசவமாகி அவள் படுத்துவிட்டாள். அதற்கடுத்த வருஷம் சண்டை வந்துவிட்டது. பட்டாளத்துப் பூட்ஸுக்குத் தோல் போதவில்லை, குடோன் ராவும் பகலும் திறந்து கிடந்தது. சண்டை முடிந்தபோது அவருக்குக் கண் பார்வை மங்கியிருந்தது. இருட்டிலேயே இருந்த கண், வெயிலுக்கு வந்தால் தண்ணீர் கொட்டியது. அப்புறம் யாரும் பினாங்கைப் பற்றிப் பேசவில்லை.

நான் அவருக்கு அண்டை வீட்டுக்காரனாக வந்தது அதற்கெல்லாம் பிறகுதான். இந்த 'கோடவுன்' என்கிற வார்த்தையை நான் குடைய ஆரம்பித்ததும் அவரால்தான். துரைமார் பாஷையில் அது எங்கிருந்து வந்தது என்று பெரிய அகராதிகளைப் புரட்டினேன். மலாய்க்காரர்கள் 'குடாங்' என்கிறார்கள், அதை முதலில் போர்த்துக்கீசியர் எடுத்தார்கள், பிறகு இங்கிலீஷ்காரர் எடுத்தார்கள் என்று போட்டிருந்தது. மலாய்க்காரருக்கு எப்படி வந்தது? அங்கேதான் என் மார்பு விரிந்தது. தெலுங்கிலே 'கிட்டங்கி', தமிழிலே 'கிடங்கு', அதிலிருந்து போயிருக்கலாம் என்று போட்டிருந்தது. அகராதிக்காரர்கள் 'லாம்' போட்டிருக்கிறார்கள். நான் போடமாட்டேன். வேலூர்க் கோட்டையைச் சுற்றித் தண்ணீர் கிடக்கிறதே, அந்த அகழிக்கும் பழந்தமிழில் கிடங்கு என்றுதான் பேர். கிட என்பது வேர். எது அசையாமல் ஓரிடத்தில் கிடக்கிறதோ அதற்கான இடம் கிடங்கு. ஹெட்மாஸ்டரின் 'கோ டவுன்' எங்கே, இது எங்கே!

போன வருஷம், முப்பத்தாறில், அருளப்பன் பினாங்கிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தார். தலை நரைத்து, பல் போய், பெண்டாட்டியையும் அங்கேயே அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அக்காள் வீட்டில் உட்கார்ந்திருந்தவரைப் பார்க்க நான் ஓடினேன். மலாய்க்காரர் வாயில் அந்த வார்த்தையை நேரில் கேட்டவர் ஆயிற்றே! தேவசகாயம் கண்ணுக்குமேல் கையை வைத்துக்கொண்டு வாசல்பக்கமாக உட்கார்ந்திருந்தார். இடுப்பில் சாவி. சவுரியம்மாள் கறி நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க, குடாங்குதான்" என்றார் அருளப்பன். "நான் வேல செஞ்ச எடத்த மலாய்க்காரன் குடாங்கும்பான், தொர கோடவுன்னுவான். ராத்திரி படுக்கறது செட்டியாருங்க எடத்துல, அத கிட்டங்கின்னுவாங்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் எழுந்து நின்றே விட்டேன். "மூணும் ஒண்ணுதான்! நம்ம கிடங்குதான்! இங்கிருந்து கப்பலேறிப் போய், மலாய்க்காரன் வாய்க்குள்ள பூந்து, போர்த்துக்கீசியன் வாய்க்குள்ள பூந்து, இங்கிலீஷ்காரனாட்டம் தொப்பி போட்டுக்கிட்டு மறுபடியும் ஆம்பூருக்கே வந்து எறங்கியிருக்கு. நமக்குத்தான் அடையாளம் தெரியல!"

நான் சொன்னதில் எனக்கிருந்த சந்தோஷம் வேறு யார் முகத்திலும் இல்லை. தேவசகாயம் கையைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப அந்த வார்த்தகூட கப்பலேறிப் போய்ட்டு வந்துடுச்சா வாத்தியாரே?" என்றார்.

சவுரியம்மாளின் அரிவாள்மணை நின்றது. அருளப்பன்தான் அவசர அவசரமாகப் பேசினார்.

"வுடு மாமா. நீ வந்திருந்தாலும் அதே கெடங்குதான். நானும் அங்க உள்ளயேதான் கெடந்தேன். ஒண்ணும் பெருசா நஷ்டமில்ல உனக்கு."

"ஜன்னல்?" என்றார் தேவசகாயம்.

அருளப்பன் அக்காளைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார். முன்னே ஒரு காலத்தில் அளவு காட்ட விரித்த அதே கைகள்.

"ஜன்னல் ஏது மாமா. நாலு பக்கமும் சுவருதான். இங்க மாதிரியேதான்" என்றார்.

பொய் சொல்லுகிறார் என்று அந்த வீட்டில் இருந்த எல்லோருக்கும் தெரியும். யாரையும்விட நன்றாகத் தெரிந்தவர் தேவசகாயம். அந்த ஜன்னலை அவர் இருபத்துநாலு வருஷம் அந்த இருட்டுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர். அவர் மச்சினன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்லுகிறேன்.

"அப்ப நல்லதாப் போச்சு" என்றார்.

எழுந்து துண்டை உதறித் தலையில் போட்டுக்கொண்டு, செருப்பைத் தேடினார். எங்கே புறப்பாடு என்று சவுரியம்மாள் கேட்டாள். குடோனைப் பூட்டினேனோ இல்லையோ என்று சந்தேகமாக இருக்கிறது, பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமையில் குடோன் திறக்கிற வழக்கமே இல்லை என்பதை அவருக்கு யாரும் ஞாபகப்படுத்தவில்லை.